பத்துச் சால் கடலை

மாணிக்கவேலின் கடலையைப் பொக்கு என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் லில்லிதான். வாலாஜாபாத்தில் கடலை உடைக்கும் மில்லில், பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சொன்னாள்.

அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஐயம்பேட்டைக்கு மேற்கே செம்மண் மேட்டில் அவருக்கு நான்கு ஏக்கர் கொல்லை. கிணறும் கிடையாது, போரும் கிடையாது. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முப்பது வருஷமாக ஆடிப் பட்டத்தில் அங்கே வேர்க்கடலை போடுகிறார். அந்த மேட்டிலேயே அவர் செடிதான் உசத்தி. கரும்பச்சையாக, நெருக்கமாக, மண் தெரியாமல் மூடிக்கொண்டு நிற்கும். பைக்கில் போகிறவர்கள் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு தடவை ஊராட்சித் தலைவராகவும் இருந்தவர். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், உன் கடலைக்குள் ஒன்றும் இல்லை என்று யார் சொல்வது?

அன்றைக்கு அவருடைய மூட்டையைப் பிரித்து மெஷினில் கொட்டவேண்டியவள் லில்லி. கொட்டுவதற்கு முன்னால் ஒரு கை அள்ளினாள். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"அண்ணா, ஒன்னு சொன்னா கோச்சிக்கக் கூடாது. உங்க கடலை வருஷா வருஷம் இப்படித்தான் வருது. நூத்துக்கு நாப்பது பொக்கு."

"இன்னாம்மா சொல்ற? என் கொல்லையில வந்து செடியப் பாத்திருக்கியா நீ?"

"பாத்திருக்கறேண்ணா. செடி அமோகமா இருக்குது. மாடு சந்தோஷமா தின்னும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாணிக்கவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அவர் மனைவி வடிவாம்பாள் முழுக் கதையையும் கேட்டாள். உள்ளே போய், விதைக்கென்று எடுத்து வைத்திருந்த கடலையில் நூறு காயை எண்ணி எடுத்து வந்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்தாள். பருப்பு ஒரு பக்கம், வெறும் தோல் ஒரு பக்கம்.

"நாப்பது இல்ல. நாப்பத்தி மூணு" என்றாள்.

அன்றிரவு மாணிக்கவேல் சரியாகச் சாப்பிடவில்லை.

லில்லிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அதே ஊர்க் காலனிக்காரி. அவளுடைய அப்பனும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் களை வெட்டியவர்கள். மாணிக்கவேலின் அப்பா நிலத்திலும்தான். புருஷன் ராஜவேலு காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். லில்லி ஏழு வருஷமாக அந்த மில்லில் வேலை. ஏழு வருஷமும் அவள் கையில் படாத கடலை அந்தச் சுற்று வட்டாரத்தில் இல்லை. மற்றவர்கள் மூட்டையைப் பிரிப்பார்கள், கொட்டுவார்கள், தூசி தட்டுவார்கள். லில்லி மட்டும் ஒவ்வொரு மூட்டையிலும் நூறு காயைத் தனியே எடுத்து வைப்பாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உடைத்து எண்ணுவாள். யார் கொல்லை, எந்த ஊர், எத்தனை பொக்கு என்று எல்லாம் மனசிலேயே இருக்கும்.

கூட வேலை செய்த கங்கையம்மாள், "இவளுக்கு வேற வேலை இல்ல" என்பாள். ஆனால் லில்லி எண்ணுவதை விடவில்லை. மூன்றாவது வருஷம் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. தேவசகாயம் என்பவருடைய மூட்டையில் மட்டும் எப்போதுமே பொக்கு குறைவு. அதுவும் செம்மண் மேடுதான், அதே மழைதான். அடுத்த தடவை அவர் வந்தபோது மடக்கிக் கேட்டாள். என்ன உரம் போடுகிறீர்கள், என்ன விதை, எப்போது விதைப்பு என்று எதையும் விடவில்லை. எல்லாம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். கடைசியில் அவரே யோசித்துச் சொன்னார்: "அந்தக் கொல்லையில எங்க தாத்தா காலத்துல சுண்ணாம்புக் காளவாய் இருந்துச்சும்மா. இன்னமும் ஏர் ஓட்டுனா வெள்ளை வெள்ளையா வரும்."

அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. வேளாண்மை அலுவலகத்திலிருந்து சத்யப்ரியா என்று ஒரு பெண் ஏதோ கணக்கெடுப்புக்காக மில்லுக்கு வந்தாள். லில்லி அவளைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டாள். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். கடலைச் செடி பூத்து, பூவின் அடியிலிருந்து விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்குகிறது. அந்த விழுதின் நுனிதான் காயாகிறது. மற்றச் சத்தெல்லாம் வேர் எடுத்துக் கொடுத்துவிடும். சுண்ணாம்புச் சத்தை மட்டும் வேரிலிருந்து காய்க்கு அனுப்பச் செடியால் ஆகாது. காயே தன் தோலால் சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அந்த மண்ணில் இல்லையென்றால் தோடு உண்டாகும், பருப்பு உண்டாகாது.

லில்லி கையிலிருந்த காயை உடைத்துப் பார்த்தாள். பிறகு, "அப்போ வயித்துல இருக்கிற புள்ள தானே கைய நீட்டிச் சாப்பிடணும், அப்படித்தானே மேடம்?" என்று கேட்டாள்.

சத்யப்ரியா சிரித்தாள். "அப்படித்தாங்கா. இத இவ்ளோ சுருக்கமா எங்க காலேஜ்ல கூட யாரும் சொல்லல."

மாணிக்கவேலிடம் சொன்னது வாய்த்துடுக்கு இல்லை. ஏழு வருஷம் எண்ணிப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டு, இவர் மண்ணுக்கு என்ன குறை என்று தெரிந்துதான் சொன்னாள். ஆனால் அது அவருக்கு அப்போது தெரியாது.

அந்த வருஷம் சித்திரையில் அவருக்கு இரண்டாவது அதிர்ச்சி வந்தது. அவர் கொல்லையை ஒட்டி ஒன்றரை ஏக்கர், லோகாம்பாளுடையது. லோகாம்பாள் பிள்ளைகளோடு காஞ்சிபுரத்துக்குக் குடிபோய்ப் பல வருஷமாகிறது. கொல்லை முள் மண்டிக் கிடந்தது. விளைச்சலில் பங்கு தருவதாகச் சொல்லி அதை லில்லி வாரத்துக்குப் பிடித்துவிட்டாள். முள்ளை வெட்டிக் கொளுத்தி, கோடை மழையில் ஓர் உழவும் ஓட்டிவிட்டாள். வரப்பில் நின்று பார்த்த மாணிக்கவேலுக்கு அவள் கும்பிடு போட்டாள்.

"பக்கத்துல வந்துட்டேண்ணா. ஏதாச்சும் தப்பு பண்ணா சொல்லுங்க."

அதில் கிண்டல் இருக்கிறதா என்று அவர் தேடிப் பார்த்தார். இல்லை. அதுதான் அவரைக் குழப்பியது.

ஆடி இரண்டாம் வாரம் நல்ல மழை. மேடு முழுக்க ஒரே நாளில் ஏர் இறங்கியது. மாணிக்கவேல் வழக்கம்போல் அடியுரமாக டிஏபி போட்டார். லில்லி தொழு உரத்தோடு சூப்பர் பாஸ்பேட் போட்டாள். வாலாஜாபாத் உரக்கடை இளவரசன், "எல்லாரும் டிஏபி எடுத்துக்கினு போறாங்க, நீ இன்னாம்மா பழைய உரத்தக் கேக்கற?" என்றானாம். "அதுல சுண்ணாம்பும் கந்தகமும் இருக்குது, டிஏபில இல்ல" என்று சொல்லி வாங்கி வந்தாளாம். இதை இளவரசனே டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். மாணிக்கவேலும் சேர்ந்து சிரித்தார்.

முப்பதாம் நாள் பார்த்தால் சிரிப்புக்குக் காரணம் இருந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் மாணிக்கவேலின் செடி யூரியா பிடித்துக் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கிறது. அந்தப் பக்கம் லில்லியின் செடி குட்டையாக, வெளிர்பச்சையாக, தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்கே பாவமாகிவிட்டது. அவள் களை வெட்டிக்கொண்டிருந்தபோது வரப்பருகே போனார்.

"லில்லி, வீம்பு புடிக்காத. ரெண்டு கை யூரியா வீசிவிடும்மா. செடி ஏங்குது பாரு."

அவள் ஒரு செடியைப் பக்குவமாகப் பிடுங்கினாள். வேரில் மணி மணியாக முடிச்சு. அதில் ஒன்றை நகத்தால் கீறி அவரிடம் காட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் ஊறினதுபோல் இருந்தது.

"காத்துல இருக்கிற தழைச்சத்த இதுவே இழுத்துக் குடுத்துடும்ணா. நாம அள்ளி அள்ளிப் போட்டா இது வேலை செய்யாது. சும்மா சோறு கிடைச்சா எவன் வேலைக்குப் போவான்?"

அவர் தன் கொல்லைக்குப் போய் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். முடிச்சு இருந்தது, கொஞ்சமாக இருந்தது. ஒன்றைக் கீறினார். உள்ளே வெளுத்துப்போயிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து லில்லி அவர் வீட்டு வாசலுக்கே வந்தாள். வடிவாம்பாள் நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். லில்லி உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணா, உங்க கொல்லையில எனக்குப் பத்துச் சால் குடுங்க."

"எதுக்கு?"

"நாப்பத்தஞ்சாம் நாளு ஜிப்சம் போடப்போறேன், அதுல சுண்ணாம்பும் கந்தகமும் இருக்குது. ஏக்கருக்கு நூத்தறுவது கிலோ. என் கொல்லையில வரப்போரமா பத்துச் சாலுக்குப் போடாம உட்டுடறேன். அந்தப் பத்துச் சாலு ஜிப்சத்த வரப்புக்கு இந்தாண்ட உங்க பத்துச் சாலுக்குப் போடறேன். ஐப்பசில ரெண்டு பேரும் சேர்ந்து புடுங்கி எண்ணிப் பாக்கலாம்."

மாணிக்கவேல் அவளையே பார்த்தார். "உன் கொல்லையில ஏம்மா உடணும்? மொத்தத்துக்கும் போட்டுக்கோயேன். பொக்கு வந்தா உனக்குத்தானே நட்டம்?"

"நான் மொத்தத்துக்கும் போட்டு நல்லா காச்சிச்சுன்னு வைங்க. லோகாம்பாம்மா கொல்லை பத்து வருஷமா சும்மா கெடந்த மண்ணு, அதான் காச்சிச்சும்பீங்க. மழை நல்லா பெஞ்சிச்சு, அதான்னுவீங்க. அப்பால நான் எங்க போயி நிக்கறது? எனக்கே அது தெரியணும்ணா. உங்களுக்காக மட்டும் இல்ல."

அவர் ஒத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அவள் தோற்கட்டும் என்றுதான் ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வானம் பொய்த்துவிட்டது. ஆவணி பாதி போயும் ஒரு சொட்டு இல்லை. பத்து நாள், பதினைந்து நாள், இருபது நாள். செம்மண் செங்கல்லாக இறுகியது. பூத்த பூவெல்லாம் விழுது விட்டு, அந்த விழுது மண்ணைத் தொட்டு உள்ளே இறங்க முடியாமல் அந்தரத்தில் தொங்கியது. லில்லி வாங்கி வந்த ஐந்து மூட்டை ஜிப்சம் வரப்பில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நாற்பத்தைந்தாம் நாள் கடந்தது.

"வீசி உட்டுடுடி. மழை வந்தா தானா கரையப் போவுது" என்றாள் கங்கையம்மாள்.

"மாவு மாதிரி இருக்குது. இந்தக் காத்துல பாதி பறந்துடும். மண்ணுல ஈரம் பட்டதும் போட்டு, கொத்தி, செடிக்கு மண் அணைக்கணும். விழுது எறங்கற எடத்துல இருக்கணும் அது" என்றாள் லில்லி. தினமும் மில்லுக்குப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை கொல்லைக்கு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைக் கிள்ளிப் பார்ப்பாள். மாணிக்கவேல் தன் கொல்லையிலிருந்து அதைப் பார்ப்பார். அவருடைய உசத்தியான செடிதான் முதலில் வாடியது. இலை பெருத்த செடிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும் அல்லவா? லில்லியின் குட்டைச் செடி மத்தியானம் இலையை மடித்துக்கொண்டு சாயங்காலம் விரித்துக்கொண்டது.

ஐம்பத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் பிடித்த மழை ஏழு மணிவரை கொட்டித் தீர்த்துத் தூறலாக நின்றது. மாணிக்கவேல் குடையோடு கொல்லைக்கு ஓடினார். மண் குளிர்ந்து கிடந்தது. ஒன்பது மணி வாக்கில் ரோட்டிலிருந்து லில்லி வருவது தெரிந்தது. கோயிலிலிருந்து நேராக வருகிறாள். வெள்ளைச் சேலை, கையில் பைபிள். பைபிளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தார்ப்பாய்க்கு அடியில் வைத்தாள். சேலையை ஏற்றிச் செருகினாள். பின்னாலேயே கங்கையம்மாள் களைக்கொத்தோடு வந்தாள்.

"உன் வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று குரல் கொடுத்தார்.

"ஆவணி முகூர்த்தம்ணா. பட்டு எடுக்க வர கூட்டம் ஷேர் ஆட்டோவுல ஏற எடம் இல்லாம நிக்குது. இன்னிக்கி அவர் வண்டிய உட்டு வரமாட்டாரு. மண்ணு நமக்காகக் காத்துக்கினு இருக்காதே."

கூடையில் அள்ளி, செடியின் தூரைச் சுற்றி, இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் போட்டுக்கொண்டே போனாள். பின்னால் கங்கையம்மாள் கொத்தி மண் அணைத்தாள். ஒரு சால் முடிந்தால் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். தூறல் விட்டு விட்டு வந்தது. வெள்ளைச் சேலை முழங்கால்வரை செம்மண் நிறமாயிற்று. வரப்போரம் வந்ததும் லில்லி நின்று, பத்துச் சாலை எண்ணி, நாலு மூலையிலும் குச்சி நட்டாள். அதற்குள் ஒரு பிடி ஜிப்சம்கூடச் சிந்தாமல் கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனாள். மண் மட்டும் அணைத்தாள். பிறகு கூடையோடு வரப்பைத் தாண்டி மாணிக்கவேலின் கொல்லையில் இறங்கினாள்.

மத்தியானம் சோற்றுத் தூக்கோடு வந்த வடிவாம்பாள் இதைப் பார்த்தாள். குடைக்குக் கீழே நின்ற புருஷனையும் பார்த்தாள்.

"நம்ம கொல்லைக்கு அவ உரம் போடறா. நீ கொடை புடிச்சிக்கினு வேடிக்கை பாக்கற. நல்லா இருக்குதா?"

அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் களைக்கொத்தை வாங்கிக்கொண்டாள். மாணிக்கவேல் குடையை மடக்கினார். மிச்சமிருந்த மூட்டைகளைத் தோளில் தூக்கிச் சாலுக்குச் சாலாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். முப்பது வருஷத்தில் காலனிப் பெண் ஒருத்தி வேலை செய்ய, அவர் மூட்டை தூக்கியது அன்றைக்குத்தான். பொழுது சாய்வதற்குள் முடித்தார்கள். களைக்கொத்துப் பிடித்து லில்லியின் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. வடிவாம்பாள் கொண்டுவந்த சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள்.

புரட்டாசி மழை ஏமாற்றவில்லை. ஆனால் லில்லி விட்டு வைத்த பத்துச் சாலும் ஒரு வாரத்தில் வித்தியாசம் காட்டத் தொடங்கின. கொழுந்து இலை மஞ்சளாகியது. சுற்றிலும் பச்சை, நடுவே அந்தப் பட்டை மட்டும் வெளுத்த துணிபோல் தெரிந்தது. கந்தகமும் போதவில்லை என்றாள் சத்யப்ரியா. அவளே ஆபீஸிலிருந்து இன்னொரு மூட்டை ஜிப்சத்துக்கு ஏற்பாடு செய்து ராஜவேலுவின் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். ராஜவேலு மூட்டையை வரப்பில் போட்டான்.

"போட்டுடு லில்லி. இன்னும் நேரம் இருக்குது. பத்துச் சாலும் நம்ம உழைப்புதானே? அந்த மனுசனுக்குக் காட்டறதுக்காக நாம எதுக்குச் சாகணும்?"

மாணிக்கவேல் அந்தப் பக்கம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். பேச்சு காதில் விழுந்தது. மனசு கேட்காமல் எழுந்து வந்தார்.

"ராஜவேலு சொல்றது சரிம்மா. போட்டுடு. நான் ஒன்னும் கேக்கமாட்டேன். என் பத்துச் சால்லயே தெரிஞ்சிடும்."

லில்லி அந்த மஞ்சள் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் ஆசைதான், அது முகத்தில் தெரிந்தது. தான் விதைத்த செடி பட்டினி கிடப்பதை யார்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

"உங்க மண்ணு வேற, இந்த மண்ணு வேற. ரெண்டுலயும் பாத்தாதான் நம்பலாம். நாளைக்கி யாராச்சும் வந்து எனக்கும் போடலாமான்னு கேட்டா, தெரியும்னு சொல்லணும். தெரிஞ்சா மாதிரி சொல்லக் கூடாது." ராஜவேலுவிடம் திரும்பினாள். "மூட்டைய கங்கா ஊட்டாண்ட எறக்கிடு. அவங்க தம்பி அரை ஏக்கர் பிந்தி வெதைச்சிருக்காரு, போட்டுப் பாக்கறேன்னு கேட்டாரு. அதுக்கு இப்போதான் சரியான நாளு."

மாணிக்கவேல் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஊராட்சித் தலைவராக இருந்த காலத்தில் அவர் பல பேரைப் பார்த்திருக்கிறார். ஜெயிப்பதற்காகப் பொய் சொன்னவர்கள், உண்மை சொல்லித் தோற்றவர்கள் எல்லாரையும் தெரியும். தான் சொல்வது சரியா என்று பார்ப்பதற்காகத் தன் விளைச்சலிலேயே பத்துச் சாலைக் கழித்துக்கொள்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார். அன்றைக்கே அவள் தோற்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விட்டுப் போய்விட்டது. தன் பத்துச் சாலில் நல்லபடியாகக் காய் பிடிக்க வேண்டுமே என்று அவருக்குக் கவலையே வந்துவிட்டது.

ஐப்பசி இருபதாம் தேதிவாக்கில் நூற்றெட்டாம் நாள். பெரிய மழை வருமுன் பிடுங்கிவிட வேண்டும். சத்யப்ரியா தராசோடு வந்தாள். செய்தி பரவி இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். இளவரசனும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். நாலு இடத்துச் செடியையும் தனித்தனியே பிடுங்கிக் குவித்தார்கள். குவியலுக்கு நூறு காய். எண்ணுவதற்கு வடிவாம்பாள் உட்கார்ந்தாள். அவள் யார் பக்கமும் சாயமாட்டாள் என்று ஊருக்குத் தெரியும்.

லில்லி ஜிப்சம் போட்ட கடலையில் நூற்றுக்கு ஒன்பது பொக்கு. போடாத பத்துச் சாலில் முப்பத்தொன்று. மாணிக்கவேலின் கொல்லையில் வழக்கம்போல் நாற்பத்திரண்டு. கூட்டத்தில் முனகல் எழுந்தது. கடைசியாக அவருடைய பத்துச் சால் குவியல். வடிவாம்பாளின் கை போகப் போக வெறும் தோடு வருவது அரிதாயிற்று. சிவந்த, கனத்த பருப்பு மடியில் நிறைந்தது.

"பதிமூணு" என்றாள். நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "இதே மண்ணு, இதே மழை, இதே விதை."

மாணிக்கவேல் ஒரு காயை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். தன் கொல்லைக் கடலை இப்படி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

அப்போதுதான் லில்லி, "கொஞ்சம் இருங்க" என்றாள். அவர் பத்துச் சாலின் கிழக்குக் கோடிக்குப் போய், அங்கே தனியாகப் பிடுங்கி வைத்திருந்த செடிகளைக் கொண்டுவந்து போட்டாள். "இதையும் எண்ணணும். ஒம்பதாவது சாலும் பத்தாவது சாலும். குவியல்ல இருந்தது மத்த எட்டுச் சால் காயி. இது புடுங்கும்போதே லேசா இருந்துச்சு."

யாரும் கேட்காதது அது. சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வடிவாம்பாள் எண்ணினாள். முப்பத்தெட்டு.

"ஏன்? இதுக்கும் போட்டதானே?" என்று இளவரசன் கேட்டான். விடாப்பிடியாகக் கேட்டான்.

"போட்டேன். அதே கூடை, அதே கை."

"அப்போ இன்னா ஆச்சு?"

லில்லி கையிலிருந்த செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியலபா" என்றாள்.

சத்யப்ரியா, அங்கே சாம்பல் சத்து மிதமிஞ்சி இருக்கலாம், அது சுண்ணாம்பைக் காய்க்குள் போகவிடாமல் தடுக்கும், மண் பரிசோதனைக்கு அனுப்பினால் தெரியும் என்றாள். லில்லி தலையாட்டினாள். "இருக்கலாம் மேடம். அனுப்பிப் பாக்கலாம். இப்போதைக்கி எனக்குத் தெரியல. எட்டுச் சாலுக்கு ஆச்சு, ரெண்டுக்கு ஆவல. அவ்ளோதான் சொல்ல முடியும்."

அந்த 'தெரியல'தான் மாணிக்கவேலை அசைத்துவிட்டது. பதின்மூன்று என்ற எண்ணைவிட அது பெரிதாகப் பட்டது. முப்பது வருஷத்தில் தான் ஒரு நாளாவது, ஒருவரிடமாவது, கொல்லையைப் பற்றித் தெரியாது என்று சொன்னதுண்டா என்று யோசித்துப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். கூட்டம் அடங்கியது, அவர் பேசினால் ஊர் கேட்கும்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. முப்பது வருஷமா நான் செடிதான் வளத்தேன். இந்தம்மா கடலை வளத்துருக்குது. போன வருஷம் மில்லுல என் மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சு. நான் கோச்சிக்கினு வந்துட்டேன். அன்னிக்கே ஒக்காந்து கேட்டிருந்தா ஒரு வருஷம் மிச்சம். வர ஆடிக்கு நாலு ஏக்கருக்கும் இந்தம்மா சொல்றபடிதான்."

லில்லிக்குக் கூச்சமாகிவிட்டது. "எல்லாத்துக்கும் போட்டுடாதீங்கணா. பத்துச் சால் உட்டு வைங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. மாணிக்கவேலும் சிரித்தார், இந்தத் தடவை சந்தோஷமாகச் சிரித்தார்.

சத்யப்ரியா அறிக்கை எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. படிவத்தில் பட்டா எண் கேட்டிருந்தது. லில்லிக்கு ஏது பட்டா? லோகாம்பாளை ஃபோனில் பிடித்தார்கள். அந்தம்மாள் மறுநாளே காஞ்சிபுரத்திலிருந்து ராஜவேலுவின் ஆட்டோவில் வந்து இறங்கி, கடலையைப் பார்த்துவிட்டு, ஐந்து வருஷத்துக்குக் குத்தகை என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாள். சாகுபடியாளர் என்ற இடத்தில் லில்லி தன் பெயரைத் தானே எழுதினாள். எழுத்து பெரிது பெரிதாக, கட்டத்துக்கு வெளியே போயிற்று.

அடுத்த ஆடியில் அந்த மேட்டில் இருபத்திரண்டு பேர் ஜிப்சம் வாங்கினார்கள். இளவரசன் லாரியில் இறக்கினான். விதைப்புக்கு முன்னால் லில்லி ஒவ்வொரு கொல்லைக்கும் போய் மண்ணைப் பார்த்தாள். எல்லாருக்கும் ஒரே அளவு சொல்லவில்லை. இரண்டு பேரிடம், உங்களுக்கு வேண்டாம், உங்கள் மண்ணில் இருக்கிறது என்று சொல்லி வாங்கவந்த மூட்டையைத் திருப்பிவிட்டாள். போடாமல் சால் விடவேண்டும் என்றதற்குப் பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். நாலு பேர் விடவே இல்லை. ஆனால் ஐப்பசியில் நூறு காய் எண்ணாத வீடு ஒன்றுகூட இல்லை. கிழக்குக் கோடி இரண்டு சாலின் மண் பரிசோதனை முடிவு வந்தது. சாம்பல் சத்து கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அவ்வளவு பொக்குக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று சத்யப்ரியாவே சொன்னாள். அந்த வருஷமும் அங்கே பொக்குதான். லில்லி இன்னமும் தெரியலை என்றுதான் சொல்கிறாள்.

மார்கழியில் ஒரு காலை மாணிக்கவேல் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது லில்லி வந்தாள். கடலை பிடுங்கின ஈரத்தில் கார்த்திகையில் அவர் கீழ்க்கொல்லையில் எள் தெளித்திருந்தார்.

"அண்ணா, செக்குக்காரர் வேணுகோபால் சொல்றாரு, நம்ம மேட்டு எள்ளுல எண்ணெய் கம்மியாதான் வருதாம். கந்தகம் பத்தாமதான் இருக்கும்னு தோணுது. ஆனா நிச்சயமா சொல்ல முடியல. உங்க எள்ளப் பாக்கலாமா?"

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, கூடவே கிளம்பினார். பனி இன்னும் விலகவில்லை. கீழ்க்கொல்லை ஓரத்தில் லில்லி குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு எள்ளுச் செடியின் கொழுந்தை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். மாணிக்கவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த செடியின் கொழுந்தை நிமிர்த்தினார்.

"மஞ்சளா தெரியுதா, பச்சையா தெரியுதா?" என்று கேட்டாள்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நன்றாகப் பார்த்தார். "பனியில சரியா தெரியல லில்லி. வெயில் வரட்டும்" என்றார்.

இருவரும் அங்கேயே உட்கார்ந்து வெயில் வரக் காத்திருந்தார்கள்.